திங்களும் வெள்ளியும் விழுந்த பரிசு

காபிக் கடையில் காபி கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பது பெரிய வேலையில்லை. காபியோடு இன்னொன்றும் தருகிறோம் என்று வாசலில் பேனர் கட்டிய பிறகுதான் நம் பாடு ஆரம்பிக்கும்.

துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். எங்கள் கடை பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. சென்னையில் ஹெட் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளை போட்டிருக்கிற கம்பெனி. எங்களுக்கு அடுத்த கிளை அரியலூரில். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு வருஷம் இங்கே டம்ளர் கழுவினேன். கவுன்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் மேனேஜர் என்னை அந்த இடத்தில் நிறுத்தினார். அவருக்கு என் மகன் வயதுதான்.

அந்த வாரமே பரிசுப் போட்டி ஆரம்பமானது. ஒரு காபிக்கு ஒரு கார்டு. கார்டில் சாம்பல் நிறப் பூச்சு இருக்கும், சுரண்டினால் உள்ளே பரிசு தெரியும். இலவசக் காபி, டிபன் பாக்ஸ், டபரா செட், மிக்சி. எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்கூட்டர். பரிசு விழுந்த கார்டை வாங்கி, நம்பரைக் கம்ப்யூட்டரில் பதிந்து, பரிசைக் கொடுப்பது என் பொறுப்பு. மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "போட்டி முடியற வரைக்கும் பாப்போம்க்கா. தப்பு ஒண்ணும் வரலைன்னா கவுன்டர் உங்களுக்கு. வந்துச்சுன்னா திரும்ப டம்ளர் பக்கம்தான்."

சாதாரணமாகவே நான், கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அன்றிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை.

மீண்டும் முயல்

பரிசு இல்லாத கார்டுகளில் 'மீண்டும் முயல்க' என்று அச்சடித்திருந்தார்கள். எங்களுக்கு வந்த கார்டுக் கட்டில் மட்டும் மெஷின் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டது போலிருக்கிறது. கடைசி 'க' இல்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்று நான் விட்டுவிட்டேன்.

சின்ன வெங்காயம் விற்றுவிட்டுப் போகிற வழியில் எங்களிடம் காபி குடிக்கும் பெரியம்மா ஒருவர் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு நாள் கார்டைச் சுரண்டிப் படித்துவிட்டு, கவுன்டரை விட்டு நகராமல் நின்றார். "என்ன பெரியம்மா?" என்றேன். "குடு" என்றார். "எதை?" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வாரமும் முயல், இந்த வாரமும் முயல். ரெண்டாச்சேன்னு வூட்டுல கூண்டு அடிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன், எதைங்கிறே?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் ஹெட் ஆபீசுக்குப் புகார் சொல்லிவிட்டால்? ஒரு பேப்பரில் 'க' எழுதிச் சேர்த்துக் காட்டி, காலைப் பிடிக்காத குறையாகச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

மறுநாள் முதல் வேலையாக ஓர் அட்டையில் 'முயல் பரிசு கிடையாது' என்று பெரிதாக எழுதிக் கவுன்டரில் ஒட்டினேன். மேனேஜர் வந்து அதைப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "நேத்து வரைக்கும் ஒருத்தருதான் கேட்டாங்க. இனிமே எல்லாரும் கேப்பாங்கக்கா."

என்ன விழுந்தது?

சிலர் நகத்தால் சுரண்டுவார்கள், சிலர் காசால். மக்காச்சோளம் போட்டிருக்கிற ஒரு விவசாயி பைக் சாவியால் சுரண்டினார். சும்மா இல்லை, அடுப்பில் தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி. "மெதுவா அண்ணே, மெதுவா" என்று நான் கத்துவதற்குள் பூச்சு போனது, பூச்சுக்குக் கீழே இருந்த எழுத்து போனது, எழுத்துக்குக் கீழே இருந்த அட்டையும் போனது.

உள்ளே மிக்சி என்று இருந்திருந்தால் இதற்கு யார் பதில் சொல்வது? மேனேஜரைக் கூப்பிட்டேன். அவரும் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த மனிதர் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. கார்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாருக்கும் முயல் விழுந்துச்சு, எனக்கு ஓட்டை விழுந்திருக்கு, வுடு."

குடும்பத்தில் இல்லாதவர்

வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கார்டு கிடையாது என்பது விதி. அது எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் விக்கிரமங்கலத்துக்காரர். திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர், கூட்டாளிகள் நாலு பேரோடு உள்ளே வந்தார். "என் கொழுந்தியா கடை" என்று அவர்களிடம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து காபி போட்டேன். கூட வந்த நாலு பேருக்கும் கார்டு கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை.

நாலு பேர் முன்னால் அவர் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, குடும்பத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதி. குடுத்தா எனக்கு இந்த இடம் போயிடும்" என்று மெல்லச் சொன்னேன். கூட்டாளிகள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "உங்கக்கா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசி மூணு நாளாச்சு. இன்னிக்கி நான் குடும்பத்துல இல்ல, கார்டைக் குடு!"

வெள்ளிக்கிழமை வரட்டும்

ராசாத்தி என்று ஒரு பெண், பருத்தி எடுக்கப் போகிறவள். ஒரு புதன்கிழமை காபி குடித்துவிட்டு, கார்டைச் சுரண்டாமல் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய், கார்டை அர்ச்சனைத் தட்டில் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு அங்கேயே சுரண்டியிருக்கிறாள். மிக்சி.

அவ்வளவுதான். கடைக்கு வந்து வாங்கிய மிக்சியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ, அடுத்த வாரம் கடையில் ஒருவரும் கார்டைச் சுரண்டவில்லை. அந்தக் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். செவ்வாய் வாங்கிய கார்டும் புதன் வாங்கிய கார்டும் பர்சிலும் மடியிலும் போன் கவரிலும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தன. திங்களும் வெள்ளியும் எனக்குத் தலைசுற்றும். வருகிற கார்டெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கும். சிலது தேங்காய்த் தண்ணீரில் ஊறியிருக்கும். துணியால் துடைத்துத் துடைத்து நம்பரைப் பதிவேன். ஒரு தடவை, "ஏம்மா, இங்கேயே சுரண்டிட்டா என்ன? நம்பர் அழிஞ்சா நான்தானே மாட்டிப்பேன்" என்று ஒரு அம்மாவிடம் புலம்பிவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "காபி குடுக்கறதுதான் நீ. பரிசு குடுக்கறது அவ. குறுக்க பேசாம பதி."

கம்ப்யூட்டர் சொன்னது

ஒரு புதன்கிழமை சென்னை ஹெட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். சிரிக்காத முகம், வெள்ளைச் சட்டை, கையில் லேப்டாப். என்னையும் மேனேஜரையும் எதிரே நிறுத்திக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினார். அரியலூர் கிளையில் தினமும் பரிசு விழுந்திருக்கிறது. எங்கள் கிளையில் சில வாரமாகத் திங்களும் வெள்ளியும் குவியல் குவியலாக விழுந்திருக்கிறது, மற்ற நாள் ஒன்றுமே இல்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. கஸ்டமர் கார்டை நீங்க எடுத்து வச்சுக்கறீங்க. வீட்டுல சுரண்டிப் பார்த்துட்டு, வாரத்துல ரெண்டு நாள் உங்க ஆளுங்களை அனுப்பறீங்க."

கோயில் விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "சாமி கும்பிட்டா மிக்சி விழுமா?" "விழுமான்னு எனக்குத் தெரியாதுங்க சார். அதுக்கு முன்னாடி சுரண்ட மாட்டாங்க, அதுதான் தெரியும்." மேனேஜருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஹெட் ஆபீஸ்காரர் ஒரு முடிவு சொன்னார். வெள்ளி வரை இங்கேயே இருப்பார். நான் கொடுக்கிற ஒவ்வொரு கார்டின் நம்பரையும், வாங்கியவர் யார் என்பதையும் நோட்டில் எழுதுவார். பரிசு விழுந்தாலும் விழாவிட்டாலும் எல்லோரும் கார்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த நம்பர்கள் அந்த ஆட்களோடு திரும்பி வராவிட்டால் எனக்குக் கவுன்டரும் இல்லை, டம்ளரும் இல்லை. கடைப் பக்கமே வர வேண்டாம்.

நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் வந்தவர் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிற லாரி டிரைவர். காபியைக் குடித்துவிட்டுக் கார்டைச் சட்டைப் பையில் வைத்தார். "சுரண்டிப் பாருங்களேன்" என்றார் ஹெட் ஆபீஸ்காரர். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கி நடை சாத்தியிருக்குன்னு தெரியாதா சார் உங்களுக்கு? எந்த ஊரு நீங்க?"

நோட்டில் இருந்த நம்பர்

வியாழனும் அப்படியே போனது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே கடைக்கு வந்துவிட்டேன். ஏழு ஆனது, எட்டு ஆனது, ஒன்பதும் ஆனது. காபி குடிக்க வந்தார்கள். கார்டோடு ஒருவரும் வரவில்லை. இவ்வளவு நாள் வந்த கூட்டம் இன்றைக்கென்று பார்த்து எங்கே போய்த் தொலைந்தது? கோயிலில் ஏதாவது விசேஷமா? பஸ் ஓடவில்லையா? எனக்கு ஆகாதவர்கள் யாராவது தடுத்துவிட்டார்களா? நான் சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஹெட் ஆபீஸ்காரர் நோட்டை மூடிவைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார். அந்தச் சத்தமில்லாத பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒன்பதரைக்கு சிறுவாச்சூர்ப் பக்கமிருந்து ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கினார்கள் பாருங்கள்! நெற்றி நிறையக் குங்குமம், கையில் தேங்காய் மூடி, இன்னொரு கையில் கார்டு. பூஜை அன்றைக்குக் கொஞ்சம் நீண்டுவிட்டதாம். ஒவ்வொரு கார்டாக வாங்கி நான் நம்பரை உரக்கப் படித்தேன். அவர் நோட்டில் தேடி டிக் போட்டார். புதன்கிழமை நம்பர், வியாழக்கிழமை நம்பர், அதே ஆள், அதே முகம். பத்தாவது டிக்குக்கு மேல் அவர் நாற்காலியில் உட்காரவில்லை, என் பக்கத்தில் நின்றுகொண்டு அவரே துணியை எடுத்துக் கார்டைத் துடைக்க ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் குங்குமம். இலவசக் காபி இரண்டு, டிபன் பாக்ஸ் ஒன்று, டபரா செட் ஒன்று. என் குரல் ஏறிக்கொண்டே போனது. ஏழாவது வரை படித்ததற்கு அன்றைக்குத்தான் நம்பர்களை அவ்வளவு சத்தமாகப் படித்தேன்.

பதினோரு மணிக்கு லாரி டிரைவர் வந்தார். அவர் கார்டு நம்பர்தான் நோட்டில் முதல் வரி. சுரண்டிய இடத்தில் விபூதி அப்பியிருந்தது. ஹெட் ஆபீஸ்காரர் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர்! எல்லாக் கிளைக்கும் சேர்த்து இருந்த அந்த ஒரே ஸ்கூட்டர், திருட்டு நடக்கிறது என்று பிடிக்க வந்தவர் கண் முன்னால், அவர் கையாலேயே நோட்டில் நம்பர் எழுதிய கார்டில். கடையே கைதட்டியது. மேனேஜர் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே போட்டார். டிரைவர் மட்டும் தலையைச் சொறிந்தார். "லாரியை வுட்டுட்டு ஸ்கூட்டர்ல கல்லு ஏத்தவா? இலவசக் காபி விழுந்திருந்தா இப்பவே குடிச்சிருப்பேன்."

புறப்படும்போது

மத்தியானம் ஹெட் ஆபீஸ்காரர் எங்கள் முன்னாலேயே ரிப்போர்ட்டை டைப் செய்தார். தப்பு எதுவும் இல்லை, கவுன்டரை இந்த அம்மாவே பார்க்கட்டும் என்று எழுதியதை மேனேஜர் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "ஒரு எழுத்து வுடாம படிங்க தம்பி" என்றேன். இன்னொரு தடவை படித்தார். அதையும் கேட்டேன். ஹெட் ஆபீஸ்காரர் என்னிடம் மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. ஆனால் புதன்கிழமை 'பொய் சொல்லாதும்மா' என்றவர் வெள்ளிக்கிழமை 'மேடம்' என்றார். நான் போட்ட ஸ்ட்ராங் காபியை நின்றபடியே குடித்தார்.

கார் வந்து நின்ற பிறகும் அவர் கிளம்பவில்லை. போனை எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் கவுன்டர் மேல் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "மேடம், என்னோட டிரான்ஸ்பர் ஆர்டர் காலைல மெயில்ல வந்திருக்கு. இன்னும் திறக்கல. கோயில் நடை இன்னிக்கி எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

ஆக, கவுன்டரில் நான் நிரந்தரமாகிவிட்டேன். கவலைப்படுகிற வேலையில் பிறந்ததிலிருந்தே நிரந்தரம்தான்.