அக்கா போடாத மாத்திரை

என் அக்காவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கினால் வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அதைத் தடுக்க, பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாட்டிக் போட வேண்டும் என்று சொல்லி, அவனியாபுரத்துப் பல் டாக்டர் முதல் நாளே மாத்திரைகளைக் கையில் கொடுத்து அனுப்பினார். அக்காவும் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அது கந்த சஷ்டி நேரம். திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி விரதம் இருந்தாள். பகலெல்லாம் வெறும் தண்ணீர், சாயங்காலம் கொஞ்சம் பாலும் பழமும். எனக்கும் என் மனைவிக்கும் வெகுகாலமாகப் பிள்ளை இல்லை. அதற்காக இருந்த விரதம். இந்த உடம்போடு வேண்டாம் என்று கத்திப் பார்த்தேன். அவள் பிடித்தால் உடும்புப்பிடி. பல்லை விரதம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள், வலி விடவில்லை. மாத்திரை வாங்கிய மறுநாள் நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். மாத்திரை போட்டாச்சா என்று டாக்டர் கேட்டதற்கு, என் முன்னாலேயே ஆமாம் என்றாள். பல் சுலபமாக வந்துவிட்டது.

சில வாரங்களில் காய்ச்சல் தொடங்கியது. மழைக்காலக் காய்ச்சல் என்று மிளகு ரசத்திலேயே ஓட்டினாள். மூச்சு வாங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வால்வில் கிருமி என்றார்கள். பல் பிடுங்கும் முன் மாத்திரை போட்டாரா என்று இதய டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். சத்தியம் செய்யாத குறையாகப் போட்டாள் என்றேன். அவர் நகர்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"போடலடா. வெறும் வயித்துல மாத்திரை போட்டாக் கொடலு வெந்துரும். சாப்பிட்டுப் போட்டா வெரதம் போயிரும். சாயங்காலம் பழம் தின்னுட்டுத்தான் போட்டேன்."

எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இருந்தாலும் ஆத்திரம் தாங்காமல் பல் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். விரதத்தில் இருப்பவள் எப்படிச் சாப்பிட்டு மாத்திரை போடுவாள் என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த மாத்திரைக்குச் சாப்பாடே தேவையில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் போதும், விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

தண்ணீர்தான் பகலெல்லாம் குடித்துக்கொண்டிருந்தாளே.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அக்காவிடம் அதைச் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது.

"பாதியில விட்டா ஒம் பொண்டாட்டிக்கு ஆகாதுன்னு பயந்துட்டேன்டா," என்றாள்.

அவள் வைத்திருந்த பாசத்தின் மேலேயே எனக்கு அன்று கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

நரம்பு வழியாக எவ்வளவோ மருந்து ஏற்றினார்கள். தை பிறப்பதற்குள் அக்கா போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள், விரதம் இருந்த புண்ணியவதி உன் வயிற்றிலேயே வந்து பிறப்பாள் என்று என் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எந்தச் சாமியிடமும் பிள்ளை கேட்கவில்லை.