மாட்டுப்படம் போட்ட வாளி

வீகன் என்றால் என்னவென்று என் மருமகள் எனக்குச் சொல்லித்தந்தது ஒரு ட்ராம் தரிப்பில் வைத்து. அக்காவின் மகள். சூரிச்சில் பிறந்தவள்.

"மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. பால், தயிர், நெய், தேன் ஒண்டும் இல்லை மாமா."

"மோர்?"

"மோரும் பால்தானே."

யோசித்தேன். எங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து மாட்டை அவிழ்த்து விட்டால் வீகன். விளங்கிவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினேழு, வைகாசி மாதம் அது. அவள் ஒரு இன்ஷூரன்ஸ் ஒஃபீஸில் பயிற்சி முடித்து, வேலையும் எடுத்து, பிறகு அதை விட்டுவிட்டு நின்றாள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து கதை சொல்வதில்தான் அவளுக்கு விருப்பம். அக்காவுக்கு அது வேலையாகவே படவில்லை.

"ஊர் சுத்திக் காட்டுறதும் ஒரு தொழிலோ? எங்கட அப்பரும் அதைத்தான் செய்தவர். சம்பளம் இல்லாமல்."

இதே சூரிச்சில் பின்னேரங்களில் ஆட்களைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடத்திக் கூட்டிப்போகும் ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. அதன் முதலாளி ஒரு சுவிஸ் அம்மா. மருமகள் அவரை ஷெஃபின் என்பாள், ஜெர்மனில் முதலாளியம்மா. தமிழ்க் கடைகள் உள்ள தெருக்களில் வீகன் ஆட்களுக்கு ஒரு நடை வைக்கலாம் என்று மருமகள் அவரிடம் கேட்டிருந்தாள். ஒரு தரம் நடத்திக் காட்டு, நானும் வருகிறேன், பிடித்தால் ஒவ்வொரு வியாழனும் உனக்கு, என்று அவர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பழைய ஒஃபீஸுக்கே திரும்புவது என்று அக்காவிடம் மருமகள் ஒப்புக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய கதிரை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

ஷெஃபின் முந்தி ஜப்பானில் ஒரு ஊரில் இப்படி ஒரு மாலை நடந்தவராம். ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய். ஒரு துண்டு தோஃபு, ஒரு சின்னச் சோற்று உருண்டை. கடைசிக் கடை வரைக்கும் பசி மிச்சம் இருந்ததாம். பசி மிச்சம் இருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

எனக்கு இரண்டு வேலை தரப்பட்டது. ஒன்று, கடைக்காரருக்கு முதலே சொல்லி வைப்பது. அவள் போய்ச் சொன்னால் சின்னப்பிள்ளை என்று சிரிப்பார்கள். மற்றது, அன்றைக்கு வாலில் நடந்து ஆள் தவறாமல் பார்ப்பது. நான் ஆஸ்பத்திரிக் குசினியில் பாத்திரம் கழுவுகிற மெஷினோடு நிற்கிறவன். நாள் முழுக்கக் கதையில்லை. வாலுக்குச் சரியான ஆள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

முதலில் பலசரக்குக் கடை அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, ஆளுக்கு ஒரு துண்டு மாம்பழம். காணும்."

"ஒரு துண்டோ? பூனைக்கோ வைக்கிறது?"

"ஒரு வாய்தான் சட்டம்."

"ஓம் தம்பி, ஓம்."

அடுத்தது ரோல்ஸ் கடை அக்கா. அவர் தானே சுட்டு, தானே விற்கிறவர். முட்டை தொடாமல் மரக்கறி ரோல்ஸ், ஆளுக்கு ஒன்று என்றேன். "ஆளுக்கு ஒண்டு. விளங்குது தம்பி" என்றார்.

மூன்றாவது கொத்துரொட்டிக் கடை. அந்த முதலாளி என்னைவிட இளையவன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"ரோல்ஸ் கடைக்காரி எத்தினை குடுக்கிறா, அண்ணை?"

"ஒண்டு."

"சரி. நான் பாக்கிறன்."

மூன்று பேரும் ஓம் என்றுவிட்டார்கள். நான் நிம்மதியாக ட்ராம் ஏறினேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். பத்துப் பேர் வந்தார்கள், ஷெஃபினோடு பதினொன்று. தாடி வைத்த ஒரு நெட்டையன். கைநிறையப் பச்சை குத்திய ஒரு பெட்டை. பென்ஷன் எடுத்த ஒரு கிழவரும் அவருடைய மனிசியும். மற்றவர்களும் நல்ல முகங்கள். மருமகள் சிவப்புக் குடை ஒன்றை விரிக்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கதை சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள். ஷெஃபின் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாலில்.

பலசரக்குக் கடைக்குள் போனதும் எனக்கு விளங்கிவிட்டது. மாம்பழம் இல்லை. அரிசி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் பெரிய இடியப்பப் பெட்டி. பக்கத்தில் தேங்காய்ப்பால் சொதி ஒரு பானை, சிவக்க இடித்த சம்பல், பலாக்காய்க் கறி. அண்ணையின் மனைவி அகப்பையோடு நின்றார்.

"அண்ணை, மாம்பழம்?"

"வெறும் வயித்தோட தெருவில நடக்க விடேலுமே? அதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே."

அவர்கள் மூட்டைகளில் உட்கார்ந்தார்கள். கையால் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். சாப்பிட்டார்கள். நெட்டையனுக்குச் சொதி முழங்கை வரை வழிந்தது. கிழவருக்குச் சம்பல் உறைத்துக் காதெல்லாம் சிவந்தது. இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். பச்சை குத்திய பெட்டை பலாக்காயை இறைச்சி என்று நினைத்துப் பயந்து, கொட்டையைக் கண்டபிறகு சிரித்தாள்.

பிறகு ஒவ்வொருவராகப் போதும் என்றார்கள். அங்கேதான் பிழை நடந்தது. எங்களில் முதல் தரம் போதும் என்பது மரியாதைக்கு. இரண்டாம் தரம் வெட்கத்துக்கு. மூன்றாம் தரம் சொல்லி, கையால் தட்டையும் மூடினால்தான் உண்மையிலேயே போதும். சுவிஸ்காரர் ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அகப்பை இன்னொரு சுற்று வந்தது. பிறகு இன்னொன்று.

மருமகள் என் பக்கம் ஒதுங்கினாள்.

"மாமா, நீங்கள் சொன்னனீங்கள்தானே?"

"சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஓம் எண்டவர்."

ரோல்ஸ் கடைக்கு நூறு அடி தூரம்கூட வராது. அதற்குப் பெருநேரம் எடுத்தது. கிழவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ரோல்ஸ் கடை அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஆளுக்கு ஒன்று. ஒரு ரோல்ஸ், ஒரு உழுந்து வடை, ஒரு கடலை வடை, ஒரு வாய்ப்பன், ஒரு போண்டா. ஒவ்வொன்றிலும் ஒன்று. பதினொரு தட்டு நிரையாக இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

அக்காவின் முகம் விழுந்தது.

"ஏன் பிள்ளை, என்ன குறை? எண்ணெய் புதுசு. முட்டை கிட்டவும் வரேல்லை."

"குறை ஒண்டும் இல்லை அன்ரி. அவையள் அங்க கொஞ்சம் சாப்பிட்டிட்டினம்."

"அந்தாளின்ர இடியப்பமோ? அது காத்தெல்லோ. வயித்தில நிக்காது. சாப்பிடச் சொல்லு."

மருமகள் என்னைப் பார்த்தாள். ஷெஃபின் மருமகளைப் பார்த்தார். நான் நெட்டையனின் முதுகுக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். அவன் ஒரு கடி கடித்துவிட்டு மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுவந்தான். கையில் வடை. ஏன் என்று தெரியாது, வாங்கி வாயில் போட்டேன். அடுத்ததாக ரோல்ஸ் வந்தது. அதையும் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்ற பெட்டை கண்டுவிட்டாள். அவளுடைய போண்டாவும் வந்தது. பிறகு கிழவருடைய வாய்ப்பன். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பும் போதெல்லாம் ஏதாவது ஒன்று என் கைக்கு வந்தது, எனக்கு ஏலாதது அவரவர் பைகளுக்குள் போனது. என் முகம் சும்மாவே கல்லு மாதிரி. அன்றைக்கு அது உதவியது. மென்றது வெளியே தெரியவில்லை.

ஒரு கட்டத்தில் மோதிரம் போட்ட ஒரு கை வடையோடு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஷெஃபின். நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவருடைய மனிசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினார், அது மூக்கால் வந்தது. பெட்டைக்கும் வந்தது. நெட்டையனின் தோள் குலுங்கியது. பிறகு கடை முழுக்கச் சிரிப்பு. அக்கா வெறுந்தட்டுகளைக் கண்டு, என்ன என்று தெரியாமலே தானும் சிரித்தார்.

"பாத்தியே பிள்ளை, ஒரு துணிக்கை மிச்சமில்லை. நான் சொல்லேல்லையே அது காத்தெண்டு."

நான் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய நிலையிலும் இல்லை.

கொத்துக்கடைக்குத் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தகட்டில் இரண்டு இரும்பும் மாறி மாறி விழுகிற சத்தம். டக்கட டக்கட. நெட்டையன் அதற்கு நடையை மாற்றினான். உள்ளே போனால், தகட்டின் மேல் மரக்கறிக் கொத்து ஒரு சின்ன மலை. அல்ப்ஸ் என்று பெட்டை பெயர் வைத்தாள்.

"அவ ஆளுக்கு அஞ்சு வச்சவவாம். ஃபோன் வந்தது" என்றான் முதலாளி. "நான் ஒண்டுதான் வைக்கிறன். பெரிய ஒண்டு."

யாருக்கும் ஏலாது. எனக்கும் ஏலாது. கதிரைகளில் சாய்ந்துவிட்டார்கள். ஷெஃபின் மருமகளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. ஜப்பானில் கடைசிக் கடையில் எனக்குப் பசி இருந்தது. இங்கே கால் நகரவில்லை. இதற்குப் பெயர் நடை இல்லை.

மருமகள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். குடையை மேசைக்குக் கீழே வைத்தாள்.

"முடிஞ்சுது மாமா. திங்கக்கிழமை ஒஃபீஸ்."

தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன்.

முதலாளி மட்டும் கவலைப்படவில்லை.

"சாப்பிடேலாட்டி என்ன? கட்டித் தாறன்."

பின்னுக்குப் போனான். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளிகளோடு வந்தான். வெள்ளை யோகட் வாளிகள். கழுவிக் காயவைத்து, மூடியோடு. எல்லா வாளியிலும் பெரிய மாட்டுப்படம். நாங்கள் அவிழ்த்து விட்ட மாடு பதினொன்றாகத் திரும்பி வந்திருந்தது.

நெட்டையன் ஒரு வாளியைத் திருப்பி, பால் என்று எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தான். மருமகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

"நாலு தரம் கழுவினது. சொல்லு பிள்ளை" என்றான் முதலாளி.

அவள் கையை எடுத்தாள். இனி இழக்க ஒன்றுமில்லை என்ற முகம். எழுந்து நின்று ஜெர்மனில் சொன்னாள். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் மீன் இருக்கும். பிஸ்கட் தகரத்தைத் திறந்தால் தையல் ஊசி. பட்டர்ப் பெட்டிக்குள் அம்மாவின் தோடு. நான் ஐந்து வயது வரை யோகட் வாளி என்பது பருப்பு வருகிற வாளி என்று நினைத்தவள். எங்கள் ஆட்கள் பாத்திரத்தின் வெளியை வாசிப்பதில்லை.

பச்சை குத்திய பெட்டை வாளியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்போ மாட்டை வெளியேற்றிவிட்டு மரக்கறி போடுகிறீர்கள்" என்றாள். "சூரிச்சில் இதைவிட வீகனான வாளி இருக்காது."

கிழவருடைய மனிசிக்கு மறுபடியும் சிரிப்பு மூக்கால் வந்தது. அவ்வளவுதான். மேசை அதிர்ந்தது.

கொத்து வாளிகளுக்குள் போனது. "வாளி திரும்ப வேணும். எனக்கு வாளி காணாது" என்றான் முதலாளி. மருமகள் மொழிபெயர்த்தாள். ஓமோம் என்று தலையாட்டினார்கள்.

அப்போது நான் பேசிவிட்டேன். அந்த மாலை முழுக்க அவர்களோடு நான் பேசிய ஒரே பேச்சு.

"வெறுமையாகக் கொண்டுவரக்கூடாது" என்றேன், ஜெர்மனில்.

எல்லோரும் திரும்பினார்கள். இவருக்கு வாய் இருக்கிறது என்று நெட்டையன் சொன்னான். ஷெஃபின் கேட்டார்:

"என்ன போட வேண்டும்?"

"ஏதாவது. கொஞ்சம் சீனி போட்டாலும் காணும்."

"ஏன்?"

"வெறும் வாளி குடுக்கிறேல்லை" என்று தமிழில் சொன்னேன். மருமகள் அதையும் மொழிபெயர்த்தாள்.

ட்ராம் தரிப்புக்கு ஊர்வலமாகப் போனோம். பதினொரு மாடு கையில் ஆடியது. நெட்டையன் மூடியில் இரண்டு விரலால் கொத்துச் சத்தம் போட்டான். மற்றவர்களும் தொடங்கினார்கள். டக்கட டக்கட. கிழவர் தாளம் பிழைத்தார், மனிசி திருத்தினார். தரிப்பில் நின்ற ஒரு சின்னப்பிள்ளை துள்ளத் தொடங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு அவ்வளவு நிறைந்திருக்கும்போது சிரித்தால் நோகும். நொந்தது. சிரித்தேன்.

ஷெஃபின் ட்ராம் ஏறும்போது மருமகளிடம் ஒரு சொல் சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"பாப்பம் எண்டவ. சுவிஸ்காரர் பாப்பம் எண்டால் இல்லை எண்டுதான்."

"எங்களிலயும் அப்பிடித்தானே."

அதற்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை கொத்துக்கடைக்காரன் எனக்கு ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, உங்கட வெள்ளையள் வருதுகள்."

"வாளியோ?"

"வாளிதான். ஆனால் வாளி நிறையச் செர்ரி. ஒரு கிழவரும் மனிசியும். வந்தவையள் சும்மா போகேல்லை, இருந்து கொத்தும் சாப்பிட்டிட்டுப் போகினம்."

பெட்டை தான் சுட்ட பாண் கொண்டுவந்தாள். நெட்டையன் மண்ணோடு உருளைக்கிழங்கு. இன்னொருவர் வாளி நிறைய ரோஜாப்பூ, அதை என்ன செய்வதென்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது. ஷெஃபினுடையது மட்டும் வரவில்லை. திங்கட்கிழமைக்கு என் அக்கா மகளின் ஒஃபீஸ் சட்டையை ஸ்திரிக்கை போட்டுத் தொங்கவிட்டார். மருமகள் வியாழன் வரைக்கும் தவணை கேட்டாள். அக்கா சட்டையை எடுக்கவில்லை, தவணையை மட்டும் கொடுத்தார்.

வியாழன் பின்னேரம் நான் வேலையில் நின்றேன். கடைசித் தட்டுகள் மெஷினுக்குள் போய்விட்டன. ஃபோன் அடித்தது. மருமகள். பின்னால் டக்கட டக்கட.

"மாமா, கொத்துக்கடைக்காரர் கூப்பிட்டு ஓடி வந்தனான். ஷெஃபின் வந்து நிக்கிறா. வாளியோட. பின்னால ஒரு பட்டாளம் ஆக்கள். மத்தியானம் ஒருத்தரும் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லித்தான் கூட்டி வந்தவவாம். இனி ஒவ்வொரு வியாழனும் வருவினமாம், நடை எனக்குத்தானாம்."

"வாளிக்குள்ள என்ன?"

பக்கத்தில் கடைக்காரன் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அவனுடைய குரலும் கேட்டது.

"ஒரு பிடி சீனி, அண்ணை. கஞ்சப் பிசினாறி."

மருமகள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ மாமா. ஆனால் முதல்ல இஞ்ச வாங்கோ. ரோல்ஸ் அன்ரி இண்டைக்கு ஆறு வகை சுடுறாவாம். பின்னால நிக்க ஆள் வேணும்."

ஏப்ரனைக் கழற்றினேன். அன்றைக்கு மத்தியானம் நானும் சாப்பிட்டிருக்கவில்லை. ட்ராமுக்கு ஓடினேன்.