நாலு எண்ணி அமுக்கு

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குக் காது பார்க்கிற வேன் வரும். தேதி நோட்டீஸ் போர்டில் ஏறிய நாளிலிருந்தே சரசுவுக்குச் சோறு இறங்காது.

அத்திபெலே தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பஸ்ஸர் செய்கிற கம்பெனி அது. கார் பின்னால் போகும்போது கத்துமே, சீட் பெல்ட் போடாவிட்டால் நச்சரிக்குமே, அந்தச் சத்தம் கிளம்புகிற சின்னக் கறுப்பு வில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த சரசு, இருபத்திரண்டு வருஷமாக அதன் டெஸ்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வில்லையை எடுத்துச் சாக்கெட்டில் செருகிக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். அது கீய்ய்ய் என்று கத்தும். நல்ல பீஸ் நீல டிரேக்கு. உள்தகடு விண்டு விரிசல் விட்டிருந்தால் அந்தக் கத்தலுக்கு மேலே, ஸ்லேட்டில் நகம் கீறுகிற மாதிரி இன்னொரு மெல்லிய சத்தம் ஓடும். அது சிவப்பு டிரேக்கு. ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் பீஸ். மற்ற எல்லா செக்‌ஷனுக்கும் காதை அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். டெஸ்டிங்குக்குக் கிடையாது. காதை அடைத்துக்கொண்டால் அப்புறம் எதைக் கேட்பது?

அந்த மெல்லிய கீறலைச் சரசு கேட்டு ஏழெட்டு வருஷமாகிறது.

முதலில் அவளுக்கே தெரியவில்லை. கெட்ட பீஸ்கள் குறைந்துவிட்டன என்றுதான் நினைத்தாள். பிறகு வில்லைமேல் விரல்நகத்தை வைத்துப் பார்க்கப் பழகினாள். விண்ட தகடு நகத்தில் கூசும். அதுவும் தப்பினால் பக்கத்து மேசை மமதாவின் முகம் இருந்தது. ஆனேக்கல்லிலிருந்து வருகிற மமதாவுக்கு இருபத்தாறு வயது. சரசுவின் மேசையில் கெட்ட பீஸ் கத்தினால் மமதாவின் புருவம் தானாகச் சுருங்கும். சரசு ஓரக்கண்ணால் பார்ப்பாள், சிவப்பு டிரேயில் போடுவாள். தன் புருவம் இன்னொருத்திக்குக் காதாக இருக்கிறது என்பது மமதாவுக்குத் தெரியாது.

வேனை ஏமாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது. வருஷா வருஷம் ஒரே வழுக்கைத்தலைக்காரர்தான் வருவார். கண்ணாடிக்கூண்டில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி ஒரு பட்டனைக் கையில் கொடுப்பார். ஒவ்வொரு அளவிலும் மூன்று சத்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலு எண்ணுகிற நேரம். குமிழைத் திருகும்போது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவருடைய வலது தோள் ஏறும். டெஸ்டிங் பெண்கள் எல்லோரும் இதைக் கண்டுவைத்திருந்தார்கள். “தோள் ஏறிச்சா, நாலு எண்ணி அமுக்கு” என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிக்கொள்வார்கள். காது போச்சென்றால் பேக்கிங்குக்கு மாற்றம், பேக்கிங் என்றால் கான்ட்ராக்ட். அப்படி மாறின ஒருத்தி அடுத்த தசராவுக்கு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். வேன் வர ஆரம்பித்த ஆறு வருஷமும் சரசு நாலு எண்ணினாள்.

இந்த வருஷம் வழுக்கைத்தலைக்காரர் வரவில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து லாயிட் என்று ஒருவன் வந்தான். கலகலப்பானவன். வந்ததும் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தான்.

“எல்லாரும் கையத் தூக்குங்க. சத்தம் கேக்கற வரைக்கும் தூக்கியே இருக்கணும். கேக்கலன்னா எறக்கிடுங்க. பிராமிஸா!”

கீச்சுச் சத்தத்தை ஹெர்ட்ஸ் கணக்கில் ஏற்றிக்கொண்டே போனான். எட்டாயிரத்தில் ஸ்டோர்ஸ் ரங்காவின் கை இறங்கியது. “உன் பொண்டாட்டி கூப்டாலும் இப்படித்தானேப்பா உனக்குக் கேக்காது” என்று யாரோ கத்த, கேன்டீனே சிரித்தது. பன்னிரண்டாயிரத்தில் நாற்பதைத் தாண்டியவர்களின் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சரசுவுக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் கேட்கவில்லை. அவள் மமதாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மமதாவின் கை இறங்காமல் நின்றது; அவளுடையதும் நின்றது. மமதா கையை இறக்கியபோது அவளும் இறக்கினாள்.

லாயிட் விசில் அடித்தான். “இன்னாக்கா, உங்களுக்கு வயசு எத்தினி?”

“நாப்பத்தெட்டு.”

“பதினாறாயிரம்க்கா இது! முப்பது தாண்டினாலே முக்காவாசிப் பேருக்குக் கேக்காது. உங்களுக்கு மட்டும் எப்படி?”

எல்லோரும் கை தட்டினார்கள். சரசுவும் சிரித்தாள்.

கூண்டில் அவளைக் கண்ணாடிக்கு முதுகுகாட்டி உட்காரவைத்தான். தோள் தெரியவில்லை. கட்டைச் சத்தங்கள் ஒழுங்காகக் கேட்டன, அமுக்கினாள். அப்புறம் அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அமுக்கினாள். மறுபடி நாலு. அமுக்கினாள்.

கதவு திறந்தது.

“நான் இன்னும் ஒண்ணும் போடலக்கா” என்றான் லாயிட். குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“பயப்படாதீங்க. இப்ப நிஜமா கேட்டா மட்டும் அமுக்குங்க.”

கதவை மூடினான். சரசு பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தாள். தன் மூச்சு கேட்டது. வேறு ஒன்றும் வரவில்லை. ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டதோ என்றுகூட நினைத்தாள். கால் மரத்துப்போகும்வரை கட்டைவிரல் அசையவில்லை.

வெளியே வந்ததும் அவன் ஒரு தாளைக் காட்டினான். சமமாகப் போன கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. “வயசானா காது மேல்பக்கத்து கீச்சுச் சத்தத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா போகும். இது அப்படி இல்ல. நாலாயிரத்துல குழி பாருங்க. சத்தத்துல வேல செஞ்சவங்களுக்கு விழற குழி. கம்பெனி பதில் சொல்லணும்க்கா. உங்க பழைய ரிப்போர்ட்லாம் எடுத்தா வருஷா வருஷம் எறங்கினது தெரியும். அத வச்சு கேஸே போடலாம்.”

ஆபீஸ்வரை அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கம்பெனி பதில் சொல்லணும். புருஷன் முனியப்பனிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு அவன் கூடவே வருவான்.

சூப்பர்வைசர் மஞ்சுநாத் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து அவளுடைய ஃபைலை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆறு தாள். ஆறிலும் கோடு மேசைவிளிம்பு மாதிரி நேராக ஓடியது. ஒவ்வொன்றின் அடியிலும் ‘நார்மல்’. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து.

“நோடம்மா, இங்க பாரு சரசம்மா, போன வருஷம் வரைக்கும் உனக்கு இருபது வயசுக்காரி காது. ஒரே வருஷத்துல ஃபேக்டரி சத்தம் இப்படிப் பண்ணாது. வேற ஏதோ சீக்குன்னுதான் எழுதுவாங்க.”

“சார், போன வருஷமும் எனக்குக் கேக்கல சார்.”

மஞ்சுநாத் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அத மட்டும் வெளில சொல்லாதம்மா. கேக்காம எத்தினி வருஷம் பீஸ் பாஸ் பண்ணினேன்னு கேப்பாங்க. கம்ப்ளெயின்ட்டாகித் திரும்பி வந்த லாட்டெல்லாம் உன் தலைல விழும். பேக்கிங்கும் கிடைக்காது.” ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். “நான் என்ன எழுதணும், நீயே சொல்லு.”

சரசு ஆறு கையெழுத்தையும் பார்த்தாள். முதல் வருஷத்துக் கையெழுத்தில் பேனாவை அழுத்தமாக வைத்திருந்தாள், ஜெயித்த சந்தோஷம். இவற்றைப் பொய் என்றால் அவள் திருடி. நிஜம் என்றால் காது போனதற்கு யாரும் காரணமில்லை.

“பேக்கிங்னே எழுதிடுங்க சார்.”

ஏழாவது தாளில் கையெழுத்துப் போட்டாள்.

டிபன் பையை எடுக்க டெஸ்டிங்குக்குப் போனபோது அவள் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு புதுப்பெண் இருந்தாள், பெயர் நிருபமாவாம். பத்தொன்பது இருக்கும். “அக்கா, எங்க போற? வேன்ல ரொம்ப நேரம் வச்சுட்டாங்களா?” என்றாள் மமதா. சரசு மேசைக்கடியில் குனிந்து பையைத் தேடினாள்.

நிமிர்ந்தபோது புதுப்பெண் பெடலை மிதித்தாள். மமதாவின் புருவம் சுருங்கியது. புதுப்பெண் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வில்லையைப் பிடுங்கிச் சிவப்பு டிரேயில் போட்டாள்.

சரசு அந்த டிரேயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காதுக்கு அது நல்ல பீஸாகத்தான் கத்தியது.