ஆடி முடியட்டும்

எங்களுக்கென்று ஒரு வேன் பதினேழு நாள் ஓடியது. ஓடியது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான், பாதி நாள் நாங்கள்தான் அதைத் தள்ளினோம். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து "ம், தள்ளு, தள்ளு" என்று கத்துவார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா ஒரு பக்கம், எட்டு வயசு நான் ஒரு பக்கம். திண்டிவனத்தில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். எனக்கோ பெருமை தாங்காது.

அப்பா விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் இருபது வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டினார். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் அவருக்கு எங்கள் தெருமுனை மாதிரி. ஊரில் உள்ளவர்கள் குடும்பத்தையெல்லாம் மலையேற்றி இறக்கிய மனுஷன், அம்மாவை ஒரு தடவைகூடக் கூட்டிப்போனதில்லை. அம்மா பார்த்த மலை செஞ்சிக் கோட்டை மலை ஒன்றுதான். அதில் ஏறினால் குளிராது, உள்ளங்கால் வெந்துபோகும். இந்தக் குறை அப்பாவை உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். சேர்த்ததையெல்லாம் வழித்துப்போட்டு அந்தப் பழைய வேனை வாங்கினார்.

விற்றவர் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர். துபாயில் வேலை. லீவில் வரும்போது பிள்ளைகுட்டிகளோடு சுற்றுவதற்காக வேனுக்குள் இரண்டு படுக்கை, ஒரு மடக்கு மேஜை, ஸ்டவ் வைக்கத் தகரத்தட்டு எல்லாம் செய்துவைத்திருந்தார். வண்டிக்கு என்னைப்போல இரண்டு மடங்கு வயசு. சாவியைக் கொடுக்கும்போது பாய் ஒன்று சொன்னார்.

"இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குண்ணே. ஆனா ஆர்.சி.யிலயும் அதுலயும் பேரை ஜல்தியா மாத்திக்கோங்க. பதினாலு நாள் தாண்டிச்சுன்னா, வண்டிக்கு ஏதாவது ஆனா ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

அப்பா அம்மா பேரில் எழுதுவதாக இருந்தார். அதுவரை அம்மா பேரில் இருந்தது ஒரு வாக்காளர் அட்டைதான். விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! அடுத்த நிமிஷமே சுருங்கியும் போனது.

"மொத மொதல்ல எம்பேர்ல எழுதறதுங்க. ஆடி முடியட்டும்."

ஆடி பிறப்பதற்குள் என்றுதான் ஆனி கடைசி நாள் சாயங்காலம் அரக்கப்பரக்க ஓடி வண்டியையே எடுத்திருந்தார்கள். பேரை எங்கே போய் அன்றைக்கே மாற்றுவது? அப்பா "பேஜாரு" என்று தலையைச் சொறிந்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதானாம். ஆடியில் வண்டி ஓட்டலாம், கோயிலுக்குப் போகலாம், பேர் மட்டும் எழுதக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எனக்கும் ஒரு சட்டம் வந்தது. "நம்ம வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. கண்ணு பட்டுடும். பாய் வண்டின்னே சொல்லு. ஆடி முடிஞ்சதும் நம்ம வண்டின்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. நானும் அப்படியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் "அய்ய, இரவல் வண்டிக்கா இந்த அலட்டல்?" என்று கெக்கலித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணினேன்.

அப்பா வேலையில்லாத நேரமெல்லாம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ரேடியேட்டர் ஒழுகியது. விழுப்புரம் காயலாங்கடைகளில் அலைந்து கதவுக்குக் கைப்பிடி வாங்கிவந்தார். ஒன்றைச் சரிபண்ணினால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். அம்மா தன்னுடைய பழைய பட்டுப்புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். ஆவணி பிறந்ததும் ஏற்காடு என்று முடிவாகியிருந்தது. அம்மா சந்தையில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். அடிக்கிற வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு கழற்றி மடித்துவைப்பாள்.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். மறுநாள் திரும்பும்போது செஞ்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார் அப்பா. உள்ளே சாப்பிட்டால் திரை அழுக்காகும் என்று அம்மா எங்களை வெளியே உட்காரவைத்தாள். சாப்பிட்டுவிட்டு எதிர்ப்பக்க மோட்டார் கொட்டகைக்குக் கை கழுவப் போனோம். அன்றைக்கென்று காற்று பேயாக அடித்தது. படார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பாதி மரம் வண்டிமேல் கிடந்தது.

அப்பா வண்டியைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மா "ஆத்தா, தாயே" என்று என்னை இறுக்கிக்கொண்டாள். பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பினாள். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினாலு நாள் தாண்டி மூன்று நாள் ஆகியிருந்தது. அப்பா துபாய்க்குப் போன் பண்ணினார். பாய் நல்ல மனுஷர். "அழுவாதீங்கண்ணே. எல்லாம் எம்பேர்லதான இருக்கு? நானே க்ளைம் போட்டுடறேன். வண்டி என்னோடது, நீங்க எரவலா எடுத்துக்கினு போனீங்க, அவ்ளோதான்" என்றாராம். தப்புதான். ஆனால் மூழ்குகிறவர்களுக்கு அந்த ஒரு பிடிதான் இருந்தது. வேனை இழுத்துவந்து வீட்டு முன்னால் போட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. மாசம் பூராவும் பாய் வண்டி, பாய் வண்டி என்று சொன்ன பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

ஒரு வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த தொப்பைக்காரர், சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வண்டி யாருதுங்க?"

"பாய் வண்டிங்க சார்" என்றார் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. "கோயிலுக்குப் போகணும்னு எரவல் வாங்கிக்கினு வந்தேன்."

எரவல்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்ன அதே வார்த்தையை அப்பாவே சொல்கிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது.

"பொய்! எரவல் இல்ல, எங்க வண்டி!" என்று கத்தினேன். "அப்பா காசு குடுத்து வாங்கனாரு. ஆடி முடிஞ்சதும் அம்மா பேர்ல எழுதப் போறோம்!"

சர்வேயர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை போல என்று உள்ளே ஓடிச் சாமி மாடத்தில் இருந்த போட்டோவை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். வண்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அப்பா சாவியை அம்மா கையில் கொடுக்கிற போட்டோ. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். மோரைக் குடிக்கவில்லை.

"இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அப்பா.

அதோடு சரி. வேன் எடைக்குப் போனது. அப்பா திரும்பவும் அடுத்தவர்களை மலையேற்றப் போனார். அம்மா கடைசிவரைக்கும் ஏற்காட்டைப் பார்க்கவேயில்லை. ஸ்வெட்டரை மடிப்புக் கலையாமல் அவள் பெட்டியிலிருந்து எடுத்தவள் நான்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருக்கலாம். நாலு அடியாவது போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

அன்றைக்கு எனக்கு எதுவும் புரியவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மோட்டார் சைக்கிள் தெரு திரும்பியதும் அம்மாவிடம் ஓடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, அந்த மாமா நம்பிட்டாரும்மா! நம்ம வண்டின்னு நம்பிட்டாரு!"

அம்மா மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நசுங்கிய வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழிந்த திரை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஆமாண்டி கண்ணு, நம்ம வண்டிதான்" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆடி முடிய இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது எனக்கு உறைக்கவேயில்லை.