இளகாத கம்பி

மூதூரில் வாடகை ஜீப் ஓட்டிய அபூதாஹிரை நான் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரன். வெள்ளைக்காரன் துறைமுகத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து, இலங்கைத்துறை மணலிலும் எங்கள் ஊர்ச் சேற்றிலும் ஓட்டிப் பிழைத்தான். பிள்ளைப்பேறோ பாம்புக்கடியோ, ஆள் வந்து நிற்பது அவன் வாசலில்தான்.

அந்த ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி உண்டு. அதைத் தள்ளினால் முன் சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். மணலில் அது வேண்டும். தார் றோட்டில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் இறுகி, யாரோ பின்னால் பிடித்திழுப்பதுபோல வண்டி முக்கும். அபூதாஹிரின் கம்பியோ ஒருமுறை விழுந்தால் லேசில் வராது. ஒரு தடவை அப்படியே ஓட்டி, அச்சு முறிந்து, தம்பலகாமத்தில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தான்.

கராஜ் வைத்திருந்த தவராசா இரண்டு முறை கம்பிக்குக் கீழேயுள்ள கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். "இதில ஒரு பிழையும் இல்லைத் தம்பி," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கிண்ணியாத் துறையில் மட்டும் கம்பி இளகிவிடும். வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அக்கரையில் நேரே இறங்குவதற்காக டிரைவர்மார் எல்லாரும் வண்டியைப் பின்பக்கமாகவே பாதையில் ஏற்றுவார்கள். ஏற்றியதும் அபூதாஹிரின் கம்பி ஒரு விரலுக்கு வந்துவிடும். துறைத் தண்ணீர் பட்டுப் பெட்டி குளிர்வதால்தான் என்று தேத்தண்ணிக் கடையில் தீர்ப்புச் சொன்னார்கள். வாங்கில் குந்தியிருந்து தீர்ப்புச் சொல்ல என்ன செலவு? அவனும் அதை நம்பினான்.

அறுபதுகளில் ஒரு மாரி. விடிந்த கையோடு அவன் மனைவி றுக்கியாவுக்கு வலி கண்டு, இரத்தம் போகத் தொடங்கியது. கடல் கொந்தளித்ததால் லாஞ்ச் இல்லை. வெள்ளத்தில் பாதையையும் கட்டிவிட்டார்கள். கந்தளாய் சுற்றித் திருகோணமலைக்குப் போகும் வழிதான் மிச்சம். பின்னால் றுக்கியா, அவளைத் தாங்கிக்கொண்டு தாய் ஆமினா உம்மா. முன்னால் அயல்வீட்டுக்காரன் நான்.

சேறு முழுக்க நாலு சில்லும் இழுத்தன. கந்தளாயில் தார் றோட்டில் ஏறிக் கொஞ்சம் ஓடியபின் கம்பியை இழுத்தான். அசையவில்லை. வளைவில் ஜீப் முக்கியது.

"அச்சு முறிஞ்சா நடுவழியில கிடக்க வேணும்," என்றான். வாய்க்காலருகே நிறுத்தி, வாளியால் அள்ளிப் பெட்டிக்கு ஊற்றினான். ஆவி பறந்தது. கம்பி வரவில்லை. மறுபடியும் ஊற்றினான்.

"மகன், புள்ளைக்குக் கை குளிருது," என்றார் ஆமினா உம்மா.

"கொஞ்சம் பொறுங்க மாமி. பெட்டி ஆறினாப் போயிடலாம்."

வெகுநேரம் அங்கேயே நின்றோம். கடைசியில் கம்பி இளகாமலே ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி சேர்ந்தோம். அச்சு முறியவில்லை. றுக்கியா வாசலிலேயே போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போனது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் நர்ஸ்.

மையித்தை ஏற்றுவதற்காக அபூதாஹிர் ஜீப்பை றிவர்ஸில் போட்டுப் படியை நோக்கி வந்தான். ஒரு பாய் நீளம்கூட வந்திருக்காது. முழங்கை பட்டதும் அந்தக் கம்பி தானாகவே கழன்று வந்தது.

இறங்கிப் போய் டயர்களைப் பார்த்தான். முன்னுக்கு இரண்டும் புதுசு, உயரம். பின்னுக்கு இரண்டும் தேய்ந்து கட்டை. நாலும் ஒரே அளவாய் ஓடாததால் தார் றோட்டில் உள்ளே பற்கள் ஒன்றையொன்று கடித்து இறுகியிருக்கின்றன. கொஞ்சம் பின்னால் போனால் கடி விடும். துறையில் கம்பியை இளக்கியது தண்ணீர் அல்ல. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன மகன், ஜீப்புக்கு என்னவாம்?" என்று ஆமினா உம்மா கேட்டார்.

"ஒண்டுமில்ல மாமி. பெட்டி ஆறிட்டுது."

ஆமினா உம்மா மௌத்தாகும்வரை அவனோடுதான் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "என்ட மருமகன் அண்டைக்கு வாளி வாளியாத் தண்ணி ஊத்தினவர். அவரால ஏலுமான எல்லாம் செஞ்சவர்," என்று சொல்லுவார். அபூதாஹிர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.