நாற்பது பெட்டி டைல்ஸ்

கிரகப்பிரவேசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டைல்ஸ் பத்தாது என்றார். ஹாலும் சமையலறையும் முடிந்திருந்தன. அப்பா அம்மா படுக்கும் அறையில் பாதி ஆகியிருந்தது. மூலையில் ஏழு பெட்டி மிச்சம். அதை வைத்து அந்த அறையையும், சுவரடியில் சுற்றிலும் ஒட்டுகிற நாலு இஞ்சுப் பட்டையையும் முடிக்கலாம். என் அறைக்கு இன்னும் எட்டுப் பெட்டி வேண்டும்.

கணக்குப் போட்டவன் நான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வதும் தள்ளுவதும்தான் வேலை. உத்தனப்பள்ளியில் எங்கள் தக்காளிக் காட்டை ஒட்டி வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து, யார் எந்த விலை சொன்னாலும் அப்பா சொல்வது ஒன்றுதான்: "பையன் வரட்டும், கணக்குப் பார்ப்பான்."

டைல்ஸ் வாங்கும் முன் மேஸ்திரி அறை அறையாகக் காலடி வைத்து நடந்தார். ஐம்பது பெட்டி எடுங்க, மிஞ்சினா பிரிக்காம வைங்க, கடையில திருப்பி எடுத்துக்குவாங்க என்றார். நான் வீட்டு பிளானை விரித்து உட்கார்ந்தேன். ஹால் இருபதுக்குப் பதினாலு. சமையலறை பத்துக்கு எட்டு. படுக்கையறை இரண்டும் பதினொண்ணுக்குப் பத்து. மொத்தம் ஐந்நூற்றெண்பது சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் அறுநூற்று முப்பத்தெட்டு. பெட்டிக்குப் பதினாறு சதுர அடி. நாற்பது பெட்டி. சதுர அடி நாற்பத்தெட்டு ரூபாய் என்றால், ஐம்பதுக்குப் பதில் நாற்பது வாங்கினால் ஏழாயிரத்து அறுநூற்றெண்பது மிச்சம்.

மேஸ்திரி போனபிறகு அப்பாவிடம் ஒன்று சொன்னேன். இவங்க எப்பவும் கூடத்தான் கேப்பாங்கப்பா, மிஞ்சறது அவங்க அடுத்த வேலைக்குப் போயிடும் என்று. கேன்டீனில் யாரோ சொல்லக் கேட்டது. எனக்கே நேரில் தெரிந்த விஷயம் மாதிரி சொன்னேன்.

பத்தாது என்று தெரிந்த அன்று, ராயக்கோட்டை மண்டியில் தக்காளியைப் போட்டுவிட்டு அப்பா வந்தார். ஒயரிங் வேலை செய்பவர் இருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் வீடு பார்க்க வந்திருந்தார். மேஸ்திரியின் மனைவி கலவை போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னதும் அப்பா என்னைப் பார்த்து, உன் கணக்கு என்னடா சொல்லுது என்றார். நாற்பது போதும்பா என்றேன். அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"பாகலூர்ல இன்னொரு வேலை ஓடுதில்ல மேஸ்திரி? அங்கயும் இதே டைல்ஸ்தானா?"

எத்தனை பெட்டி பிரித்தோம் என்று காலி அட்டையை எண்ணிக் காட்டலாம் என்றால், வெந்நீர் அடுப்புக்கு அம்மா எல்லாவற்றையும் எரித்துவிட்டிருந்தாள். மேஸ்திரியின் மனைவி தெலுங்கில் ஏதோ சொன்னார். எல்லை தாண்டிக் குப்பம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் அவர்கள். மேஸ்திரி கை கழுவினார், சாமான்களை வண்டியில் கட்டினார், மனைவியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபின் டேப்பை எடுத்தேன். என் கணக்கு சரி என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான். ஹால் நீளம் இருபத்து மூன்று வந்தது. மறுபடி பிடித்தேன். இருபத்து மூன்று. சமையலறை பத்துக்குப் பத்து. அப்போதுதான் அந்த போன் ஞாபகம் வந்தது. அஸ்திவாரம் போடும்போது கம்பெனி டிரெய்னிங்குக்கு வெளியூர் போயிருந்தேன். அப்பா போனில், வாஸ்துக்காரர் சமையக்கட்டை அக்கினி மூலைக்குத் தள்ளச் சொல்றார், பின்சுவரைக் கொஞ்சம் வெளிய எடுக்கறோம் என்றார். சரிப்பா என்று வைத்துவிட்டேன். நான் விரித்து உட்கார்ந்த பிளான், பேங்க் லோனுக்காக அதற்கு முன்பே போட்டது. சுவரடிப் பட்டையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தினமும் டேப்பும் கையுமாக நிற்கிறவன், சொந்த வீட்டை ஒரு தடவை அளந்து பார்க்கவில்லை.

உள்ளே அம்மாவிடம் அப்பா பேசுவது கேட்டது. பையன் அன்னைக்கே சொன்னான், மிஞ்சறதை எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு. நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

இரண்டு நாள் லீவு போட்டேன். பையில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். வாங்கிய கடையில் அந்த லாட் தீர்ந்திருந்தது. புது லாட்டில் அதே டிசைன், அதே பேர். எங்கள் துண்டைப் பக்கத்தில் வைத்தால், ஒன்று பால், மற்றது டீத்தண்ணி சிந்திய பால். அத்திப்பள்ளி வரைக்கும் போய்ப் பார்த்தேன். கிருஷ்ணகிரி போனேன். குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு குடோனில் இருக்கலாம் என்றார்கள். அன்று சந்தை. மாட்டு வண்டிகளுக்கும் டெம்போக்களுக்கும் நடுவில் அரைமணி நேரம் நகர முடியாமல் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எட்டுப் பெட்டி கிடைத்தால் மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் அடுக்கிவிடுவது. இங்கதான் இருந்திருக்கு, யாரும் பார்க்கலை என்று சொல்வது. பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய எட்டுப் பெட்டியைத் தேடி அலைந்தேன். குடோனிலும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பாகலூர் போனேன். மேஸ்திரி பாத்ரூமுக்குள் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கு இறக்கியிருந்தது சாம்பல் நிறச் சொரசொரப்பு டைல்ஸ். பார்த்த உடனே தெரியும், எங்களுடையது இல்லை என்று. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

அன்னைக்கு யார் யார் நின்னாங்களோ அவங்ககிட்ட சொல்லு என்றார். அவர் மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னார்: அந்த ஒயரிங்காரர்தான் இங்கேயும் வேலை செய்கிறார், பேச்சு வந்துவிட்டது, இரண்டு நாளாக இந்த வீட்டுக்காரர் சாயந்திரம் வந்து பெட்டியை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

மறுநாள் காலை, அன்று இருந்த எல்லோரும், மேஸ்திரியும் மனைவியும் உட்பட, எங்கள் ஹாலில் நின்றார்கள். பக்கத்துக் காட்டுக்காரரை நானே போய்க் கூட்டிவந்தேன். பழைய பிளானைப் பார்த்துத் தப்பாக் கணக்குப் போட்டது நான், மேஸ்திரி ஒரு பெட்டியும் எடுக்கலை என்றேன். அப்பா பின்சுவரைப் பார்த்தார்.

"மூணடியா?"

"மூணடிப்பா. நீங்க போன்ல சொன்னீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். மேஸ்திரி அவர் போன பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். இரண்டு நாளில் முடித்தார். அம்மா கொடுத்த காபியை அவர்கள் தொடவில்லை. தண்ணீர்கூடத் தங்கள் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்தார்கள்.

கிரகப்பிரவேசத்தன்று என் அறை சிமெண்டுத் தரையோடு பூட்டிக் கிடந்தது. வீடு கட்டியவர்களுக்குத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் நேரத்தில் மேஸ்திரி மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார். அப்பாவே போய் உள்ளே கூட்டிவந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"இவர் ஐம்பது கேட்டார். படிச்சவன் சொல்றானேன்னு நாற்பது வாங்கினேன். கொறஞ்சதுக்கு இவரைத் திருடன்னுட்டேன்."

சித்தப்பா ஒருத்தர் சிரித்து, இதுக்கா காலேஜுக்கு அனுப்புன என்றார். நான் பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி தட்டை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இதைப் பாகலூர்லயும் வந்து சொல்லணும்ணா."

மறுநாள் அப்பா என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தார். பாகலூர் வீட்டுக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டார். நீயே சொல்லு என்றார் அப்பா. சொன்னேன். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, ஐயோ நான் மேஸ்திரியைச் சந்தேகமே படலீங்களே என்றார். எங்களை வாசல்வரை அனுப்ப வந்தவர், குரலைத் தாழ்த்தி, மாடிக்கு மட்டும் வேற ஆளைச் சொல்லிட்டேன், அட்வான்ஸும் குடுத்தாச்சு என்றார்.

உள்ளே மேஸ்திரி தட்டிக்கொண்டிருந்தார். மாடி வேலை போனது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அப்பா வண்டியில் ஏறாமல் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் பின்னால் போனேன்.