பத்தாவது ஆள்

தினேஸ்வரி என்ற பெயரை முத்தம்மா முதன்முதலில் கேட்டது ஊசிமலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில். விடியுமுன் ஆட்களை நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும் நேரம். அண்ணன் ராமையா ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு பொறந்திருக்கு. பேரு தினேஸ்வரி," என்றார். முத்தம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. "இவ்வளவு நீளப் பேர கிராணி கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மரத்துல பாலு நின்னுரும்ணே," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெயரைப் பெரட்டில் யாரும் கூப்பிட வேண்டி வரவில்லை. பிள்ளை வளர்வதற்குள் ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்துவிட்டது. குலை வெட்ட வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜெலாப்பாங்கில் இருந்த கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அத்தை முத்தம்மா முதலில் போனாள், அவள் பின்னால் இருபது வயதில் தினேஸ்வரி போனாள்.

விடிகாலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள்ளேயே கோயில் வளைவு வரைக்கும் வந்து நிற்கும். ஜெயபாலன்தான் எப்போதும் ஓட்டுவார். சிம்பாங் பூலாயில் ஆள் ஏற்றி, ஈப்போவில் ஏற்றி, ஜெலாப்பாங் போய்ச் சேர ஆறே முக்கால் ஆகிவிடும். சாயங்காலம் நெரிசலில் இரண்டு மணி நேரம். பத்தொன்பது வருஷம் தினேஸ்வரி இப்படித்தான் போய் வந்தாள். பஸ்ஸில் முருங்கைக்கீரை உருவுவார்கள், பூண்டு உரிப்பார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இடுப்புதான் கழன்றுபோகும்.

அவள் வீட்டுக்காரர் கனகராஜுக்கும் ஜெலாப்பாங்கில்தான் வேலை, லோரிக் கிடங்கில். மோட்டார் சைக்கிளில் போய்வந்து மழையில் இரண்டு தடவை விழுந்தார். ஒரே மகள் ஷர்மினி பினாங்குக்குப் படிக்கப் போனதும், "இனிமே நமக்கு இங்க என்ன இருக்கு?" என்று ஜெலாப்பாங்கில் ஒரு அடுக்குமாடி வீடு பார்த்தார். பொங்கல் முடிந்து குடி போனார்கள். வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு நடை ஏழு நிமிஷம்.

முதல் நாள் தினேஸ்வரிக்கு வழக்கம்போல நாலு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. சமைத்தாள். குளித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். பொறுக்க முடியாமல் இறங்கி நடந்து, அஞ்சரைக்கெல்லாம் வாசலில் போய் நின்றாள். காவலுக்கு இருந்த ஜாகா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரவு ஷிப்டே இன்னும் முடியவில்லை என்றான்.

போகப் போகச் சரியாகும் என்றுதான் நினைத்தாள். இடுப்பு வலி போனது உண்மை. ஆனால் மூன்றாவது வாரம் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆள் வரவில்லை என்றால் சூப்பர்வைசர் பவித்ரன் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். "அக்கா, நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு நாலு மணி நேரம் வந்து நில்லுங்க லா." தலையில் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிட்டான். தோட்டத்தில் இருந்தபோது பஸ் போய்விட்டது என்றால் அதோடு விடுவார்கள். ஏழு நிமிஷ தூரத்தில் இருப்பவள் என்ன சாக்கு சொல்வாள்? கனகராஜ் கால் நீட்டி டிவி பார்த்தார். அவள் போனைப் பார்த்தபடியே சோறு தின்றாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆள் கணக்கு பார்க்கும் வெண்டி ஒரு தாளை அவள் முன்னால் தள்ளினாள்.

"அக்கா, புதன்கிழமை சிம்பாங் பூலாய்ல டயர் வெடிச்சு உங்க தோட்டத்து பஸ் ஒரு மணி நேரம் லேட்டு. பஸ்ல ஏறுறவங்க லிஸ்டுல உங்க கையெழுத்து இருக்கு. உங்க கார்டு ஆறு நாப்பதுக்கே விழுந்திருக்கு. பறந்து வந்தீங்களா?"

தினேஸ்வரி தாளைப் பார்த்தாள். அது அத்தை முத்தம்மாவின் கோணல் எழுத்து. ஜனவரியிலிருந்து ஒரு நாள் விடாமல் போட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் மிஸ். கேட்டுட்டு வாரேன்," என்று பேக்கிங் மேசைக்குப் போனாள்.

"என் பேர ஏன் அத்தே போட்ட?"

முத்தம்மா கையுறைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "வேற யாரு பேர போடுறது? பத்துப் பேரு இருந்தாத்தான் பஸ் உள்ள வரும். நீ போனதும் ஒம்போது. ஒம்போதுன்னா மெயின் ரோட்டோட திரும்பிரும்."

"மாட்டிக்குவமேன்னு தோணலியா?"

"பெரட்டுல நாங்க செய்யாததா? ஆளு வர லேட்டுன்னா, 'வந்துக்கிட்டு இருக்கா கிராணி'ன்னு சொந்தக்காரங்க குரல் குடுப்போம். அவரும் எழுதிக்குவாரு. ஆளும் வந்துரும்."

"நான் வரலியே அத்தே."

"அதான் தெரியுதே. எத்தன நாளைக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்றது?"

வெண்டி கெட்டவள் இல்லை. இந்த ஒரு தடவை வாய் எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றாள். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நிஜமாகப் பத்துப் பேர் ஏறவில்லை என்றால் பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். கோயிலிலிருந்து அங்கே போக செம்பனைக்குள் மூன்று கிலோமீட்டர், விளக்குக் கம்பம் ஒன்று கிடையாது. போன வருஷம் தோட்டத்துக் கருப்பம்மாளை அந்த வழியில் நாய்கள் துரத்திக் கடித்ததில் கெண்டைக்காலில் எட்டுத் தையல். முத்தம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது, முழங்கால் மடங்காது. அந்த நடை நடக்க முடியாதவள் வேலையை விட வேண்டியதுதான்.

சனிக்கிழமை முழுக்கத் தினேஸ்வரியால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். மாடிப்படி இறங்கினாள், ஏறினாள். தோட்டத்தை விட்டுப் போனது குற்றமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். குற்றமில்லைதான். ஆனாலும் அந்த ஒன்பது பேரும் வரிசையாகக் கண்ணில் நின்றார்கள். எல்லாரும் ஏதாவது ஒரு முறையில் சொந்தம். சாயங்காலம் போன் அடித்தது. பவித்ரன். அவள் எடுக்கவில்லை.

"எடுக்கல?" என்றார் கனகராஜ்.

"நான் அத்த வீட்டுக்குப் போறேங்க."

"எத்தன நாளைக்கு?"

"வேல நாளுக்கு மட்டும்."

அவர் டிவியை அணைத்தார். "ஏழு நிமிஷத்துல இருக்கிற வேலைக்கு ரெண்டு மணி நேரம் சுத்திக்கிட்டு வரப்போறியா? ஊரு சிரிக்கும் தினேசு."

"சிரிக்கட்டும். நான் ஏறலன்னா அத்த நடக்கணும்."

"அவங்க போட்ட கள்ளக் கையெழுத்துக்கு நீ ஏன் போகணும்?"

"அது என் பேருங்க."

"அப்ப நான்? இருபது வருஷம் கழிச்சு சனி ஞாயிறு பொண்டாட்டியா?"

"ஆமா. அந்த ரெண்டு நாளும் போன அணைச்சு வைக்கிறேன். இப்ப ஏழு நாளும் இருந்து என்னத்தக் கண்டீங்க?"

கனகராஜ் மறுபடியும் டிவியைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே அவள் துணிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டினார். சிம்பாங் பூலாய் தாண்டியதும், "இடுப்புக்கு ஒரு மெத்தத் துண்டு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் யாரும் அவளைப் பெரிதாக விசாரிக்கவில்லை. ஜெயபாலன் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "ஜெலாப்பாங்ல வீட்ட வச்சுக்கிட்டு ஜெலாப்பாங் போக இங்க வந்து பஸ் ஏறுற மொத ஆளு நீதாம்மா," என்றார். முத்தம்மா பேனாவை நீட்டினாள். தினேஸ்வரி தன் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். பதினைந்து நிமிஷத்தில் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.

இன்னொரு ஆள் சேரும் வரைக்கும்தான் என்று கனகராஜிடம் சொல்லியிருக்கிறாள். இதுவரை யாரும் சேரவில்லை. தினேஸ்வரி இப்போது வேலை நாட்களில் ஊசிமலைத் தோட்டத்தில் முத்தம்மா வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஏழு நிமிஷம் நடந்து ஜெலாப்பாங் வீட்டுக்குப் போகிறாள்.